மணல் மூட்டையும் அப்பாவின் ஜெபமும்

எங்கள் அப்பா ஜெபம் பண்ண ஆரம்பித்தால் ரொட்டி ஆறிவிடும். லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபையில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர் ஜெபிக்க எழுந்த பிறகு அடுப்பு மூட்டினாலே போதும், ஆமென் சொல்வதற்குள் தேத்தண்ணி தயாராகிவிடும் என்று பெண்கள் சிரிப்பார்கள்.

அந்த வருஷத்து மழையில் தேவாலயத்தின் பக்கச் சுவர் இடிந்துவிட்டது. புதுச் சுவருக்கு மணல் கொண்டுவந்த லொறி கீழ் வளைவைத் தாண்ட முடியாமல் அங்கேயே கொட்டிவிட்டுப் போனது. அங்கிருந்து மேலே செங்குத்தான படிகள். போதகர் ஐயா பிரசங்கத்தில், வாயால் மட்டும் கர்த்தரைத் துதித்தால் போதாது, அவர் கொடுத்த உடம்பாலும் மகிமைப்படுத்த வேண்டும், ஆகவே அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து மணல் சுமக்கும் சிரமதானம் என்றார். ‘வாய்’ என்றதும் சபையே அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, “மொத மூட்டைய நான்தான் தூக்குவேன்” என்று சொல்லிவிட்டார்.

சொன்னவருக்கு பதுளை ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஒப்பரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஊருக்குச் சொல்லி வைத்திருந்தது வெறும் காய்ச்சல் என்று. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ‘நூறாயுசு’ என்பார்கள். ஆனாலும் ஒப்பரேஷன் விஷயம் யாருக்கும் தெரியாது என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அம்மா கெஞ்சினாள். “தையல் பிரிஞ்சு ஒங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா, நான் புள்ளைகள வச்சுக்கிட்டு என்னங்க பண்ணுவேன்?”

“சபையில குடுத்த வாக்கு. ஆண்டவர் பாத்துக்குவாரு.”

நான் அப்பா கட்சி. முதல் மூட்டை என் அப்பாவுடையது என்று பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே பீற்றிக்கொண்டாயிற்று. தையலாவது மண்ணாவது! கெஞ்சிக் களைத்த அம்மா குழாயடியில் மற்றப் பெண்களோடு குசுகுசுக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணல் குவியலருகே நின்றார். அவர் குனியும் நேரம் பார்த்து அம்மா வெகு பவ்யமாக, “ஏங்க, மொத மூட்டைக்கு முன்னாடி ஒரு ஜெபம் பண்ணிருங்களேன்” என்றாள். போதகர் ஐயாவும் தலையாட்டிவிட்டார்.

ஆண்கள் வட்டமாக நின்று கண்ணை மூடினார்கள். அப்பா மழையில் தொடங்கி, தோட்டத்துத் துரை, வெலிமடை உருளைக்கிழங்கு விலை, கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் என்று போய்க்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்தேன். அம்மா சாக்கில் கட்டிய கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்து சுமப்பது போலவே முதுகில் மணலோடு படியேறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. முதல் மூட்டை போயே போய்விட்டது! எனக்கு அழுகை வந்தது.

அப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து படியைப் பார்த்தார். அம்மா பாதி வழியில் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆமெனுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட ஜெபத்தை மறுபடியும் மழையிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை, “முழங்காலுக்குப் பெலன் தாரும் ஆண்டவரே, இடுப்புக்குப் பெலன் தாரும் ஆண்டவரே” என்று புதிதாக வேறு சேர்த்துக்கொண்டார். சபை நடுவில் இடுப்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று என் மானம் போயிற்று.

அவர் ஆமென் சொல்வதற்குள் பெண்கள் பல நடை போய் வந்துவிட்டார்கள். குவியல் கணுக்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அப்பா கண்ணைத் திறந்து, “பாத்தீங்களா, ஜெபத்தோட வல்லமைய!” என்றார். தலையெல்லாம் மணலாக நின்ற அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள். மிச்சத்தை மற்ற ஆண்கள் அசடு வழிய அள்ளினார்கள். அப்பாவை யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அப்பா சின்னச் சட்டியில் வெந்நீர் வைத்து அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் என் சந்தேகத்தைக் கேட்டேன். “ஒங்களுக்கு வயித்துலதானே தையல்? ஏம்ப்பா முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஜெபம் பண்ணுனீங்க?”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா, “ஜெபம் பண்ணும்போது கண்ண மூடிக்கிட்டு இருக்கணும்” என்று என்னை அதட்டினார்.

பாவம், எங்கே வெட்டித் தைத்தார்கள் என்பதே அப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.