இந்தியாவை வென்ற என் மகள்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் தூங்கும் வரை காத்திருந்தேன்.

இன்று பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி சுவரில் படம் காட்டினார். ஐந்தாம் ஆண்டு வரை படித்து முடிக்கும் பிள்ளைகளின் வீதம்: இந்தியாவுக்கு ஒரு தூண், எங்கள் இலங்கைக்கு அதைவிட உயரமான தூண்.

"சுனாமியும் சண்டையும் வந்தும் நாங்கதான் முன்னுக்கு!" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

பிறகு வகுப்பாசிரியை கலாவிடம் போனேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்தவள். சண்டையில் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலமெல்லாம் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். அடுத்த வருடமும் ஐந்தாம் ஆண்டிலேயே இருத்தும்படி கேட்டிருந்தேன். பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

"அவள் முடிச்சிட்டாள்கா. முகாமில இருந்த புள்ளையளையும் வந்ததாத்தான் வரவு இடாப்பில போட்டம். இனித் திருப்பி இருத்த ஏலா."

"நீயாகா போட்டாய்?"

"என்ட கையெழுத்துத்தான். மறுகா கதைப்பம், சேர் பார்க்கிறார்."

ஆக, இந்தியாவை வென்ற அந்தத் தூணில் என் மகளும் நிற்கிறாள், ஒரு பத்தி வாசிக்கத் தெரியாமல். இந்தக் குழுவில் இருக்கும் கலாவும் இதை வாசிப்பாள். வாசிக்கட்டும், அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே.

கல்விக் கந்தோரில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால், பிள்ளையை அதே வகுப்பில் இருத்த வழி உண்டா என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை, அவளை ஆறாம் ஆண்டுக்கு வேறு பள்ளிக்கு அனுப்பும் விடுகைப் பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். தயவுசெய்து அதற்குள் பதில் எழுதுங்கள்.