கோப்பிப் பழி சுமந்த உதுமான் நானா

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் பக்கமிருந்து ஆள் வந்து சொன்னார். "உதுமான் நானா மௌத்தாயிட்டாருங்க மாஸ்டர். ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம்." அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ரத்தோட்டைக்கு மேலே எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. வீட்டுத் தோட்டம் சேர்ந்த வளவுகளில் காய்க்கும் கோப்பியை வாங்கி மாத்தளைச் சந்தையில் விற்பவர். ஒரு கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். "சத்தம் வரணும் மாஸ்டர். வரலன்னா இன்னும் ரெண்டு வெயில் காட்டுங்க" என்பார். எல்லாம் தெருவில் நின்றபடிதான். எவருடைய வளவுக்குள்ளும் அவர் கால் வைப்பதில்லை.

காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் மலையெல்லாம் கோப்பி இருந்ததும், இலையில் மஞ்சள் பொடி பூத்து அத்தனையும் பட்டுப்போனதும், பிறகு தேயிலை வந்ததும் நாம் கேட்டு வளர்ந்த கதை. அந்தக் கதையில் நம் ஊர் தன் பங்குக்கு ஒரு ஆளையும் சேர்த்துக்கொண்டது. தோட்டங்களுக்குப் பொதிமாடு ஓட்டிய உதுமான் நானாவின் பாட்டனார்தான் சாக்கோடு நோயையும் கொண்டுவந்தாராம். பார்த்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. ஆனாலும் நேரில் பார்த்ததுபோலவே சொல்வோம். அந்தக் குடும்பத்தார் கோப்பி வளவுக்குள் வரக்கூடாது என்பது ஊர் வழக்கமாகிவிட்டது.

ஒரே ஒரு தடவை வந்தார். எங்கள் முற்றத்தில் கோப்பி காய்ந்துகொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில், மனைவி காய்ச்சலில் கிடந்தாள். திடீரென்று மழை இறங்க, தெருவில் போன மனிதர் ஓடிவந்து பாயோடு சுருட்டித் தாழ்வாரத்தில் சேர்த்திருக்கிறார். "மன்னிச்சுக்கங்க தங்கச்சி, உள்ள வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நனைந்தபடியே போயிருக்கிறார்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் மரங்களில் இலை மஞ்சளடித்தது. தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் முன்னால் நான் சொன்னேன்: "நானா உள்ள வந்தாரு. வேற என்ன?" பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான் சொன்னேன். மாஸ்டரே சொல்லிவிட்டார் என்று ஊர் அவருக்குக் கோப்பி கொடுப்பதை நிறுத்தியது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெற்றிலை விற்றுக் காலத்தை ஓட்டினார்.

மறு வருடம் விவசாயக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி ஐயா வந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். ஆள் வந்துபோனால் இந்த நோய் வருமா என்று கேட்டேன். சிரித்தார். "காத்துல வர்றதுக்கு ஆள் எதுக்கு மாஸ்டர்? இந்த மலையில எப்பவும் இருக்கிற நோய்தானே." நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். பஸ் நிறுத்தத்தில் உதுமான் நானா "சுகமா மாஸ்டர்?" என்று கேட்பார். நான் மழையைப் பற்றிப் பேசுவேன். இப்படியே நான்கு வருடம் போயிற்று.

அடக்கம் முடிந்தபின் அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "வாப்பாக்குத் தெரியும் மாஸ்டர். அந்த ஐயா எங்க வீட்டுக்கும் வந்தாரு, உங்ககிட்ட சொன்னதையும் சொன்னாரு. ஊர்ல போய்ச் சொல்லுங்க வாப்பான்னு நான்தான் சண்டை போட்டேன். 'மாஸ்டர் சொல்லுவாரு மகள். அவர் சொன்னாத்தான் ஊர் நம்பும்'னு இருந்துட்டாரு."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்மேல் அவர் வைத்த அந்த நம்பிக்கை. அதைத் தாங்க முடியவில்லை. அவரை அறிந்தவர்களே, அந்தக் குடும்பம் நம் ஊருக்கு எந்த நோயையும் கொண்டுவரவில்லை. சொல்ல வேண்டியவன் நான். அவர் கேட்க முடியாத நாளில் சொல்கிறேன்.