வெள்ளைக் கற்களுக்கு அந்தப் பக்கம்

இங்கே கோடைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக வரும் தண்ணீர் கையைச் சுட்டுவிடும். அறைக்குள் இருக்கும் ஹீட்டரை அணைத்து வைத்தால் அதில் நிற்கும் தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும். புதிதாக வந்தபோது இது தெரியாமல் ஒரு வாரம் தோல் சிவக்கக் குளித்தேன். ஆரோக்கியம்தான் சொல்லிக் கொடுத்தான். அவனும் விருத்தாசலத்துக்காரன், எனக்கு ஆறு மாதம் முன்னால் வந்தவன். "இங்க எல்லாம் தலைகீழு மாப்ள. செவப்பு கொழாய தொறந்தா பச்சத்தண்ணி, லீவு கேட்டா ஓவர்டைம்" என்றான்.

நான் இருப்பது அமீரகத்தின் வடக்கு மூலையில், தரை ஓடு செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் கேம்ப்பில். ஊரில் செய்த அதே வேலைதான் என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்தேன். அது நாலு பேர் வேலை செய்யும் கொட்டகை. ஒரு பொம்மைக்கு மூக்கு கோணினால் யார் கை என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே ஓடுகள் உருளைகளின் மேல் ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கின்றன. விரிசல் விட்டதைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. தலையில் படியும் வெள்ளைத் தூள் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத ஆள் நான். எங்கள் ஊர் ரயில் ஜங்ஷனிலிருந்து நான்கு திசைக்கும் வண்டி போகும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டபின் நான்கு திசைக்கும் போய்ப் பார்த்தேன். வேப்பூரில் லாரி நிற்கும் ஓட்டல்களில் யாராவது ஏற்றிக்கொள்வார்கள், நான்கு நாள் கழித்து வேறு லாரியில் திரும்புவேன். அப்படிப்பட்டவனின் பாஸ்போர்ட்டை வந்த அன்றே வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கையில் இருப்பது பத்தாக்கா என்று இங்கே சொல்லும் லேபர் கார்டு ஒன்றுதான். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தலையை எண்ணுகிறார்கள். கேம்ப்புக்குச் சுவர் உண்டு, ஆனால் அது இல்லாவிட்டாலும் யாரும் எங்கும் போய்விட முடியாது.

அதனால்தான் மலை. கேம்ப்பின் கழிவறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில், ஒரு செடிகூட இல்லாமல், சூளையில் சுட்டு எடுத்தது போல நிற்கும். எங்கள் ஊருக்குப் பழமலை என்று ஒரு பெயர் உண்டு. ஊர்ப் பெயரில்தான் மலை, ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் தட்டைத் தரை. ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாம் என்றால் பஸ் பிடித்துத் திட்டக்குடி போவோம். அங்கிருந்து வெலிங்டன் ஏரிக்கரையில் நாலு பேராக நடப்போம். கரையின் உயரம்தான் நாங்கள் ஏறிய அதிகபட்ச உயரம். வேர்க்கடலைப் பொட்டலம் தீரும்வரை நடந்து, தீர்ந்ததும் திரும்புவோம்.

இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்றவர்கள் துணி துவைத்துத் தூங்கும் நாளில் நாங்கள் மூன்று பேர் மலைக்குப் போக ஆரம்பித்தோம். மூன்றாவது ஆள் சலீம் பாய், எங்கள் ஊருக்குப் பக்கத்து மங்கலம்பேட்டைக்காரர். வயதில் மூத்தவர், பதினோரு வருடமாக வளைகுடாவில் இருப்பவர். புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன், இதற்குப் பெரிய செலவில்லை. மலையடிவாரம்வரை பிக்கப் வண்டிக்காரனுக்குக் கொடுப்பதை மூன்றாகப் பிரித்தால் ஒரு டெலிபோன் கார்டு விலைகூட வராது. குளிர்காலத்தில் மட்டும் போக வேண்டும். கம்பெனி கொடுத்த இரும்பு முனை வைத்த ஷூ போதும், ஆனால் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டால் மத்தியானம்வரை சூடாகாது. குபூஸ் ரொட்டி, டின் மீன், எலுமிச்சை ஊறுகாய். பாதித் தண்ணீர் தீர்ந்ததும், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும், திரும்பிவிட வேண்டும். ஏரிக்கரையில் வேர்க்கடலை, இங்கே தண்ணீர்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு லீவு மறுத்திருந்தார்கள், மூன்றாவது தடவையாக. என் தங்கை கவிதாவின் மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், தோடும் சீரும் அவன்தான் கொண்டுவர வேண்டும். கூடப்பிறந்த மாமன் என்று இருப்பவன் நான் ஒருவன். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது வழக்கம்; முதல் வயதில் குத்த நாள் குறித்து எனக்காகத் தள்ளிப்போட்டார்கள். இப்போது மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது, அதுவும் முடியப் போகிறது. தங்கை போனில் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, வர்ற தை மாசத்துல வெச்சிடலாம்னு சொல்றாங்க எங்க வூட்டுல. மாமன் வரலன்னா வேற யாரு மடியிலயாவது ஒக்காரவெச்சிக்கலாம்னு எங்க மாமியாரு எல்லாரு எதிர்லயும் சொல்லிட்டாங்க." நான் வந்துவிடுவேன் என்று சொன்னேன். ஆபீஸில் இருந்தவர் காலண்டரைப் புரட்டிப் பார்த்து, உன் முறை ஜூனில், என்றார். ஜூன் என்பது ஆனி. தை எங்கே, ஆனி எங்கே.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட அதிகமாக நடந்தோம். காய்ந்த ஆற்றுப்படுகை வழியாக இரண்டு மணி நேரம் ஏறினால் கொஞ்சம் சமமான இடம் வருகிறது. அங்கே ஒரு முள்மரம், அதற்குக் கீழ்ப்பக்கம் சுண்ணாம்பு அடித்த கற்கள் ஒரே வரிசையாக. பாலைவனச் சாலைகளில் டிரைவர்கள் இப்படிக் கல் அடுக்கித் தொழுகை இடம் செய்வதை சலீம் பாய் பார்த்திருக்கிறார். இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகையை விட்டுவிட்டு வந்த உறுத்தல் அவருக்கு இருந்தது. பயணத்தில் இருப்பவனுக்குச் சலுகை உண்டு என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே துண்டை விரித்தார். தொழுகிறவர் முன்னால் குறுக்கே போகக் கூடாது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீன் டின்னைத் திறக்கவும் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். மங்கலம்பேட்டையில் பாதி ஆட்களோடு பழகியவர்கள் நாங்கள். ஆகவே மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய், கல்வரிசையைத் தாண்டி, மரத்தடியில் உட்கார்ந்தோம்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம். கீழேயிருந்து ஆடுகளோடு ஒரு கிழவர் வந்தார். கையில் தடி, தடியின் முனையில் சின்னக் கோடரித் தலை. எங்களைப் பார்த்ததும் சத்தம் போட்டார். தொழுகிற நேரத்தில் தின்கிறோம் என்று கோபப்படுகிறார் என நினைத்து, டின்னை மூடிக்கொண்டு இன்னும் பத்தடி மேலே போய் உட்கார்ந்தோம். அவர் இன்னும் பெரிதாகச் சத்தம் போட்டார். "மீன் வாசன அவ்ளோ தூரம் அடிக்குதா?" என்று கேட்டு ஆரோக்கியம் இன்னொரு பத்தடி ஏறினான். கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சலீம் பாய் தொழுகையை முடித்து எழுந்து வந்து அவரிடம் பேசினார். பதினோரு வருடத்தில் அவர் கற்ற அரபி கடைக்கும் கம்பெனிக்கும்தான் ஆகும். கிழவர் பத்தாக்கா கேட்டார், மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு கோடரித் தலையால் வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். இந்தப் பக்கம் ஒரு பெயர் சொன்னார், அந்தப் பக்கம் ஒரு பெயர். தூரத்து மேட்டில் நின்ற ஒரு வெள்ளை ஜீப்பையும் காட்டினார். சலீம் பாயின் முகம் மாறிவிட்டது.

"குமாரு, நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்திருக்கறது ஓமன். அது போலீசு வண்டி. எறங்கி வாங்க."

ஆரோக்கியம் ரொட்டியை வாயில் கவ்வியபடி ஓடி இறங்கினான். நான் இறங்கவில்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான். பாஸ்போர்ட் இல்லாமல் பிடிபட்டால் என்ன ஆகும் என்று எல்லா கேம்ப்பிலும் பேசிக்கொள்வார்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ உள்ளே வைப்பார்கள். பிறகு விரல் ரேகை எடுத்து, விமானத்தில் ஏற்றி, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் மறுபடி வரவே முடியாது. கார்த்திகை பாதி ஓடியிருந்தது. நின்ற இடத்தில் கணக்குப் போட்டேன். தை முடிவதற்குள் போய்விடலாம்.

நான் என்ன நினைக்கிறேன் என்பது சலீம் பாய்க்குத் தெரிந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"சரி, போறே. மடி இருக்கும். தோடு? சீரு? செயிலுலேர்ந்து வந்தவன் மடியில பொண்ண ஒக்கார வெப்பாங்களா அந்த மாமியாரு? ஒன் தங்கச்சிக்குத்தான்டா பேச்சு."

அவர் சொன்னது சரிதான். தோடு போக வேண்டுமானால் நான் இங்கேயே இருந்து சம்பாதிக்க வேண்டும், மடி போகாது; மடி போக வேண்டுமானால் தோடு போகாது. அந்தக் கல்வரிசை எனக்கு அப்போது இரண்டு நாட்டை மட்டும் பிரிக்கவில்லை. ஆனாலும் கால் நகரவில்லை. ஜீப் நின்ற இடத்திலிருந்து ஒரு ஆள் இறங்கி எங்கள் பக்கம் பார்ப்பது போல இருந்தது.

கிழவர்தான் மேலே ஏறி வந்தார். என்னிடம் ஏதோ சொன்னார், ஒரு வார்த்தையும் புரியவில்லை. பயந்துபோய் நிற்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. கோடரித் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஓட்டுத்துண்டு போலச் சொரசொரப்பாக இருந்தது. ரோட்டைக் கடக்கும் பிள்ளையைப் போல என்னைக் கூட்டிக்கொண்டு வந்து கற்களுக்கு இந்தப் பக்கம் விட்டார். சென்னையிலும் இங்கேயும் ஏர்போர்ட்டில் எத்தனை கோடு தாண்டியிருப்பேன். கையைப் பிடித்து யாராவது தாண்ட வைத்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் நான் போக விரும்பாத பக்கத்துக்கு. பிறகு எங்கள் குபூஸில் பாதியை வாங்கித் தின்றுகொண்டே ஆடுகளோடு போய்விட்டார். ஆடுகள் கற்களைத் தாண்டிப் போயின.

பிக்கப்புக்குக் காத்திருக்கும்போது ஆரோக்கியம், "ஓமன்ல டிபன் சாப்பிட்டேன்னு ஊர்ல சொன்னா எவன் நம்புவான்" என்றான்.

தை மாதம் லீவு வந்தது, சலீம் பாய்க்கு. மூன்று வருடத்துக்குப் பிறகு அவருடைய முறை. எனக்கு விட்டுத்தருகிறேன் என்று அவரே ஆபீஸுக்குப் போய் நின்றார். அப்படி மாற்றும் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருந்த தோட்டை அவரிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்தவன், திரும்பப் போய், என் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றையும் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். சட்டையை என்ன செய்ய வேண்டும் என்று தங்கையிடம் போனில் சொல்லி வைத்தேன்.

படம் ஒரு மாதம் கழித்து வந்தது. பெரியப்பா மகன் முருகேசன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் மடியின் மேல் என் சட்டை விரித்திருக்கிறது. அதன் மேல் பாப்பா. மொட்டைத் தலை, காதில் சந்தனம், கைக்குள் சட்டைப் பையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சட்டைய பாத்துட்டு அவங்களே கண்ண தொடச்சிக்கிட்டாங்கண்ணே" என்றாள் கவிதா. அது நிஜமா, எனக்காகச் சொன்னதா, தெரியாது.

ஜூனில் வர வேண்டிய என் முறை, ஆள் பற்றாக்குறை என்று தள்ளிப்போயிருக்கிறது. குளிர்காலம் வந்ததும் மறுபடி மலைக்குப் போகிறோம். கற்களுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து, நிழல் இல்லாமல், மரத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். அந்தச் சட்டையைக் கவிதா திருப்பி அனுப்பவில்லை. துவைத்துக் கொடியில் போடும் நாளில் பாப்பா அதைக் காட்டி மாமா என்கிறாளாம். காற்றில் அதன் கை ஆடினால், பதிலுக்கு அவளும் கை ஆட்டுகிறாளாம்.