திராட்சைக் கொடிக்குப் போய் மணிக்கோபுரம் பார்த்தது

பிப்ரவரி, செவ்வாய். காலை 9.10-க்குத் தெற்கு பிரான்சின் மோன்பெலியே நகரில் பேருந்து ஏறினோம். டிக்கெட் 1.60 யூரோ, ஒன்பது கிலோமீட்டர். தேனிக்குப் பழனிசெட்டிபட்டி எப்படியோ, மோன்பெலியேவுக்கு நாங்கள் போன சிற்றூர் அப்படி.

உடன் வந்தவர் என் மனைவியின் அண்ணன் பாண்டி. ஓடைப்பட்டியில் அவருடைய மூன்று ஏக்கர் திராட்சைப் பந்தல் வேரில் நூற்புழு விழுந்து வாடுகிறது. நிலத்தை மனை போட்டு விற்கக் கேட்பவர்களுக்கு ஊர் திரும்பியதும் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இங்குள்ள திராட்சை விவசாயி ஒருவரிடம் வழி கேட்டுவிட நினைத்தார். பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார் அந்த விவசாயி.

10.00. வழி விசாரிக்க ஊராட்சி அலுவலகத்தில் நுழைந்ததுதான் தப்பு. வரவேற்பில் இருந்த அம்மையார், இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஊரைப் பார்க்காமல் போவதா என்று கூடவே கிளம்பிவிட்டார். இடிந்த மதில், வட்டத் தெரு, தேவாலயம். மணிக்கோபுரத்துக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சுருக்கினேன். நேரம் ஆக ஆக இன்னும் சுருக்கினேன்.

"அந்தம்மா இம்புட்டு நேரம் பேசுனாக, நீங்க 'பழைய கோயிலு'ங்கிறீக. மிச்சத்த யாருக்கு மாப்ள வச்சிருக்கீக?"

"மணியப் பாருங்க மச்சான்!"

ஒயின் கூட்டுறவுக் கிடங்காக இருந்த நூலகத்தில் ஒரு பெரிய புகைப்படம். அதற்கும் பத்து நிமிடம் பேசினார். "முன்னாடி இங்கன தெராட்ச நெறைய இருந்துச்சாம்" என்று முடித்தேன்.

12.05. விவசாயியின் வீடு பூட்டியிருந்தது. பன்னிரண்டு வரை காத்திருந்துவிட்டு வெளியூர் போய்விட்டார், வெள்ளிக்கிழமைதான் வருவார் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எங்களுக்கு மறுநாள் விமானம். நான் அந்த அம்மையாரைத் திட்டித் தீர்த்தேன்.

"அவுகள விடுங்க. படத்துல கொடியெல்லாம் வேரோட புடுங்கிக் கெடந்துச்சே. வேரத் தொட்டுத் தொட்டுக் காட்டுனாகளே, என்ன சொன்னாக?"

விட்டதைச் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பூச்சி வேரைத் தின்று ஊர்க் கொடியெல்லாம் செத்தது. பூச்சி தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்க்கட்டையில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள்.

பாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதக் கேக்கத்தானய்யா வந்தேன்! நம்ம புழு வேற. வழி இதுதான்."

பேருந்து நிறுத்தத்திலிருந்தே தன் மனைவியைப் போனில் அழைத்தார். "பந்தலப் புடுங்கிட்டு ஒட்டுக்கன்னு வைப்போம். காய்க்க மூணு வருசம் ஆகும். அதுவரைக்கும் செண்டுப்பூ போடுவோம். பிளாட்டுக்காரக வந்தா இல்லைன்னுரு."

திரும்பும் வழியெல்லாம் இருபுறமும் அடுக்குமாடிகள். நடுவில் ஒரே ஒரு திராட்சைத் தோட்டம், ஓர் ஏக்கர்கூட இராது. பாண்டி ஜன்னலோரம் எட்டிப் பார்த்தார்.

"பூச்சிக்கு வழி கண்டாக, சரி. இந்தக் கட்டடத்துக்கு என்ன செஞ்சாகன்னு அந்தம்மாட்டக் கேட்டீகளா மாப்ள?"