காது கேட்ட பிறகு

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அடிக்கடி சீழ் வடிந்து, இடது செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தது. வலது காதும் சுமார்தான். "சோறு வேணுமா?" என்பதைக்கூட நாங்கள் கத்தித்தான் கேட்போம். இலஞ்சியில் எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள், இந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தினமும் சண்டை என்று நம்பினார்கள்.

தென்காசியில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் சவ்வு எடுத்து ஓட்டையை அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். "டயர் பஞ்சர் மாதிரியா?" என்று மகள் கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்து, "ஆமா, ஆனா காத்து அடிக்க மாட்டோம்" என்றார்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள சுரண்டையிலிருந்து என் அக்கா வந்தாள். காதில் வைத்த பஞ்சை எடுத்துப் பல வாரங்கள் கழிந்தும் அவள் கிளம்பவில்லை. எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியவளும் அவள்தான்.

ஒருநாள் மாலை மனைவி அடுக்களையில் இருக்க, நானும் அக்காவும் மகளும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மகள் திரும்பி, "அத்த, நீங்க எப்பம் ஊருக்குப் போவியன்னு அம்மா அடுக்களையில கேக்குறா" என்றாள்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் உடனே அங்கே ஓடி, "அதையே இன்னும் மெதுவாச் சொல்லேன், கேக்குதான்னு பாப்போம்" என்றேன். மனைவி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

அக்கா பின்னாலேயே வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். "மதினி, நான் தப்பா ஒண்ணும்..." என்று மனைவி இழுத்தாள்.

"சும்மா இரு. அங்கன ஃபேன் ஓடுது, டிவி ஓடுது, அதுலயும் பிள்ளைக்கு நீ மொனங்குனது கேட்டிருக்கு. இனி எனக்கு என்ன வேல இங்கன? காலைல போறேன்."

மனைவி அவளைப் போகவிடவில்லை. பையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியே விட்டாள்.

அடுத்த வாரம் டாக்டர் செவிப்பறை நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். இந்த சீசனுக்கு மட்டும் ஐந்தருவிப் பக்கம் போய்க் குளிக்கக் கூடாதாம். "வீட்டுல எப்படிக் கேக்குது?" என்றார்.

"ரொம்ப நல்லாக் கேக்குது டாக்டர்" என்று மனைவி அவசரமாகச் சொன்னாள்.

"டாக்டர், அன்னைக்கு எங்கத்தகூட டிவி பாத்துட்டு இருந்தப்ப..." என்று மகள் ஆரம்பித்தாள். மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.