ராணிக்குக் கண் திறந்த காலை

சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அப்போது இருந்தேன். காலையில் பால்மரம் வெட்டுவேன். மத்தியானத்துக்கு மேல் யார் கேட்டாலும் வண்ணம் பூசிக் கொடுப்பேன். படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தூரிகையை எடுத்துவிட்டால் அந்தக் கூச்சம் இருக்காது. மாரியம்மன் கோயில் சுவரில் இருந்த அம்மன் என் கை வேலைதான்.

அதைப் பார்த்துத்தான், புதுப் பள்ளிக்கூடத் திறப்புக்கு இங்கிலாந்து ராணியின் படம் எழுதச் சொன்னார் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை. நன்றாக வந்தால் ஈப்போ பட்டணத்தில் விளம்பரப் பலகை எழுதும் கடையில் என்னைச் சேர்த்துவிடுவாராம். என் வெகுநாள் ஆசை அது.

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒரு பிஸ்கட் டின் மூடியை நீட்டினார். "இதான் ராணி. போலேயா?"

"போலே ஐயா, முடியும்" என்றேன்.

மூடியில் ராணி என் கட்டைவிரல் அளவு இருந்தார். மூடியின் மேல் நூல் கட்டிக் கட்டம் பிரித்தேன். மாவுச் சாக்கைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மரவள்ளிக் கஞ்சி பூசி, காய்ந்ததும் வெள்ளையடித்து, அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டேன். முத்துமாலைக்கு அம்மனுக்குச் செய்ததே போதும்: சாம்பல் நிற உருண்டை, அதன் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "நெத்தியில பொட்டு இல்லியே! புருசன் நல்லாத்தானே இருக்காரு?"

"அவங்க வழக்கம் அப்படி."

"சின்னதா ஒண்ணு வெச்சா யாருக்குத் தெரியும் லா?"

வைக்கவில்லை. கண்ணையும் வைக்கவில்லை. அம்மனுக்குப் போலவே கண் கடைசியில்தான், குளித்துவிட்டு, விடிந்த வெளிச்சத்தில், முதல் பார்வை கண்ணாடியில் விழும்படி. இன்னொரு சங்கடமும் இருந்தது. மூடியில் கண் வெறும் கறுப்புப் புள்ளி. வெள்ளைக்காரர் கண் என்ன நிறம்? இத்தனை வருஷத்தில் துரையின் பூட்ஸைத்தான் பார்த்திருக்கிறேன்.

திறப்பு நாள் காலையில் துரை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். படத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குழிகள். அவர் முகம் சிவந்தது.

"ஏன்யா, ராணிய குருடாக்கி வெச்சிருக்கியே!" என்று கிராணி பதறினார். "தொரை இத கழட்டச் சொல்றாரு. ஈப்போவ மறந்துடு."

நான் தலையை நிமிர்த்தித் துரையின் முகத்தை நேராகப் பார்த்தேன். அவர் கண் மழை பெய்து ஓய்ந்த வானத்தின் நிறம். கருமணியைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம்.

"ஏன் மொறைக்கிறேன்னு கேக்கிறாரு!" என்றார் கிராணி.

சாம்பல் நிறத்தில் நீலத்தைக் குழைத்து, துளி மஞ்சள் சேர்த்தேன். துரை படத்துக்கு நேர் எதிரே நின்றார். அங்கே ஆள் நிற்கக் கூடாது; கண் திறந்த முதல் பார்வை ஆள் மேல் விழுந்தால் ஆகாது.

"தொரை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கையையும் காட்டினேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கிராணி ஆடிப்போனார். துரை தள்ளி நின்றார்.

அந்த இடத்தில் என் மனைவி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வலது கண், இடது கண். இரண்டிலும் ஒரு வெள்ளைத் துளி. கையை எடுத்தேன். அவள் கண்ணாடியை மெல்ல இறக்கினாள். ராணி எங்களைப் பார்த்தார்.

துரை தொப்பியைக் கழற்றினார். பிறகு கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"ஈப்போவுக்கு எப்ப பொறப்படுறேன்னு கேக்கிறாரு லா."

"ராணி காயட்டும் ஐயா" என்றேன். "நாளன்னிக்கு போலாம்."