அடுத்த அறையிலிருந்து வந்த அழைப்பு

என் மருமகனுக்கு மொட்டை போட்டுக் காது குத்திய அன்று கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் என் அக்காவின் கணவரான மாமா இருந்தார். மாமாவின் தம்பி இருந்தார். கரும்பு வெட்டுக்குப் போயிருந்த எங்கள் அப்பா ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். தாய்மாமன் என்ற முறையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். பிள்ளையைப் பெற்ற என் அக்கா மட்டும் இல்லை. அவள் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். மாமா போனை எங்கள் இருவருக்கும் நேரே தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளங்கை அகலத்தில் அக்காவின் முகம் அதில் தெரிந்தது. "யாரு இது? யாரு இது சாமி? அம்மாவப் பாரு" என்று அவள் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியை இறக்கினார். பிள்ளையின் உதடு ஒருமுறை கோணியது. அவ்வளவுதான். கண் போனைவிட்டு நகரவில்லை.

"எத்தனையோ புள்ளைக்குக் குத்திருக்கேன், இப்புடிக் கமுக்கமா இருந்த புள்ளயப் பாத்ததே இல்லப்பா. இனிமே ஊசிப்பெட்டியோட நானும் ஒரு பெரிய போனா வாங்கி வச்சுக்கணும்போல" என்றார் ஆசாரி. எல்லோரும் சிரித்தோம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கடல் தாண்டி இருந்தாலும் புள்ளைய அழ வுடாம வச்சிருக்கா பாரு" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தூரம் என்ற ஒன்றை இந்தச் சின்னக் கண்ணாடி இல்லாமல் செய்துவிட்டது என்று அன்று மனதார நம்பினேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் மேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை எனக்கு. அக்கா ஐந்தாவதோடு நின்றவள். மாமா பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கட்டிய வீடு கூரை போடப் பணமில்லாமல் நின்றுபோனது. பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தபோதுதான் அக்கா கிளம்பினாள். எங்கள் அம்மா முன்பே இறந்துவிட்டாள். மாமாவுக்கும் தாய் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெண் துணை என்று ஒருவரும் கிடையாது. "ரெண்டே வருசம் மாப்ள, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்றார் மாமா. அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்று பிறகு புரிந்தது.

அந்தக் கடையைப் பார்த்தவர்களுக்குத்தான் மாமாவின் கஷ்டம் தெரியும். கடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் பத்தடி மண் தரை. அதைத் தாண்டினால் சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கிற வண்டிகள். மாமா ஒரு லாரிக்கு ஜாக்கி வைத்து அடியில் படுத்தால் தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது. ஒருமுறை பிள்ளை தத்தித் தத்தி ரோட்டின் வெள்ளைக் கோடு வரைக்கும் போய்விட்டான். டீக்கடைக்காரர் ஓடிப் போய்த் தூக்கி வந்தார். அன்றைக்கு மாமா பழைய லாரி டயர் ஒன்றைத் தரையில் படுக்கப் போட்டு, உள்ளே சாக்கும் போர்வையும் மடித்து விரித்து, பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, கையில் போனைக் கொடுத்தார். பிள்ளை அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. காலையில் பொம்மைப் பாட்டு, மத்தியானம் பொம்மைப் பாட்டு. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல், அங்கே வேலை ஓய்ந்த பிறகு, அதே கண்ணாடியில் அக்கா வருவாள்.

வண்டி நிறுத்துகிற டிரைவர்களுக்கு அது வேடிக்கை. "என்னப்பா, டயருக்குள்ள டிவி வச்சிருக்க?" என்பார் ஒருவர். "இவன் டவர் கெடைக்கிற எடமாப் பாத்துப் பொறந்திருப்பான்யா" என்பார் இன்னொருவர். மாமா சிரித்துக்கொண்டே நட்டைக் கழற்றுவார். சின்னப் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கக் கூடாது என்று என் போனுக்கு வருகிற செய்திகளை எல்லாம் நான் மாமாவுக்கு அனுப்பி வைப்பேன். ஒருநாள் நேரிலும் சொன்னேன். அவர் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே, "சரி மாப்ள, நீ படிச்சவன், சரியாத்தான் சொல்லுவ. போன வாங்கி வச்சுக்கிறேன். நீ நாளைலேருந்து லீவு போட்டுட்டு இங்க வந்து இவனப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

இதில் என்னை இன்றுவரை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அக்கா வேலை பார்த்த வீட்டிலும் இவன் வயதில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தையின் கண்ணில் போன் படவே கூடாது என்பது அந்த வீட்டு அம்மாவின் கட்டளை. சோறு ஊட்டும்போதுகூடக் கதை சொல்லித்தான் ஊட்ட வேண்டும். அக்கா எங்கள் ஊர்க் கிளியையும் காக்காயையும் பற்றி அந்தக் குழந்தைக்குச் சொல்லி ஊட்டுவாளாம். "நல்ல வழக்கந்தான்டா. புள்ள என்னா சுட்டி தெரியுமா, எம் மூக்குத்தியப் புடிச்சு இழுக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து வீட்டுக்குக் கூரையும் போட்டு, இரண்டு அறைக்குக் கதவும் வைத்த பிறகு, இனிமேல் போவதில்லை என்ற முடிவோடு அக்கா வந்தாள். திருச்சி ஏர்போர்ட்டில் மாமாவின் இடுப்பில் பிள்ளை இருந்தான். அக்கா பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "சாமி, அம்மா வந்துட்டேன்டா." அவன் அவளைப் பார்த்தான். பிறகு மாமாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டு, "அம்மா, அம்மா" என்று போனை இழுத்தான். அக்கா சிரித்துக்கொண்டே அவன் முகத்துக்குக் கிட்டே தன் முகத்தைக் கொண்டுபோனாள். அவன் ஆள்காட்டி விரலை அவள் கன்னத்தில் வைத்து ஒரு பக்கமாக இழுத்துத் தள்ளினான். பிடிக்காத பாட்டு வந்தால் அப்படித்தான் தள்ளுவான். முகம் போகவில்லை. மறுபடி தள்ளினான். பிறகு வீறிட்டு அழுதான். காரில் ஊர் வந்து சேரும்வரை அந்த அழுகை நிற்கவில்லை. "ரெண்டு நாள்ல ஒட்டிக்குவான்" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அக்காவும் சொன்னாள்.

ஒட்டவில்லை. அவள் தொட்டால் உடம்பை வில்லாக வளைத்தான். அவள் பிசைந்த சோற்றைத் துப்பினான். அவள் கடைக்கு வந்தால் டயருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஆறரை மணி ஆனதும் மட்டும் போனை எடுத்துக்கொண்டு மாமாவிடம் வந்து, "அம்மா" என்று நீட்டினான். ஒரு வாரம் அவள் பொறுத்தாள். ஒருநாள் நான் போயிருந்தேன். ஆறரைக்கு அவன் போனை நீட்டியபோது அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமாவின் கையில் போன் அடித்தது.

அவன் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன்! "அம்மா! லாரி! பெரி லாரி!" என்று கத்தினான். அன்று கடைக்கு வந்த டேங்கர், டீக்கடை நாய், காலில் இருந்த சிராய்ப்பு, எல்லாவற்றையும் காட்டினான். "ஒரு வாய் வாங்கிக்க சாமி, அப்பா ஊட்டுவாங்க பாரு" என்றாள். அவளே சமைத்த சோற்றை மாமா ஊட்ட, அவன் மிச்சம் வைக்காமல் தின்றான். செங்கல் சுவர்தான் நடுவில். அவள் குரல் கதவு இடுக்கு வழியாக எங்களுக்கு முதலில் கேட்டது. போனில் ஒரு கணம் தாமதித்து வந்தது. பின்னால் வந்த குரலுக்குத்தான் அவன் பதில் சொன்னான்.

சாப்பாடு முடிந்ததும் பேசிக்கொண்டே அவள் மெதுவாகக் கதவைத் திறந்தாள். அவன் அவளைப் பார்த்தான், போனைப் பார்த்தான். போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தான். பிறகு அதைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை யாரோ ஒருத்தி வந்து அவன் அம்மாவைக் கலைத்துவிட்டாள்.

அன்று கணவன் மனைவிக்குள் நடந்த பேச்சை நான் நடுவில் நின்று கேட்டேன். "ஒரு புள்ளைய இப்புடியா வளத்து வைப்ப?" என்றாள் அக்கா. "நீ அங்க ஏசி ரூம்ல அடுத்தவன் புள்ளைய போன் காட்டாம வளத்த. நான் ஜாக்கிக்கும் ரோட்டுக்கும் நடுவுல வளத்தேன். உசுரோட இருக்கான்ல?" என்றார் மாமா. "நான் யாருக்காகப் போனேன்?" "நான் மட்டும் யாருக்காக இருந்தேன்?" பெற்றவர்கள்தான் பொறுப்பு என்று எனக்கு வந்த செய்திகள் எல்லாம் சொல்லின. நான் பார்த்தவரை இருவருமே பொறுப்பாகத்தான் இருந்தார்கள். ஒருத்தி பொறுப்பாகப் போனாள், ஒருவர் பொறுப்பாக உட்கார வைத்தார். பிள்ளை அந்த இரண்டு பொறுப்புக்கும் இடையில் இருந்த கண்ணாடியைத் தாயாக எடுத்துக்கொண்டான்.

நான்தான் பெரம்பலூரில் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா பொறுமையாக எல்லாம் கேட்டார். "போனை அடியோட எடுத்துடுங்க. அழுவான், சாப்பிட மாட்டான், காய்ச்சல்கூட வரும். ரெண்டு பேரும் உறுதியா இருக்கணும். தொட்டுப் பேசுங்க, கூடவே தரையில உக்காந்து விளையாடுங்க. நாளாகும்" என்றார். அக்கா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு போனையும் அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். மாமா கடையைச் சாத்தினார்.

டாக்டர் சொன்னது எல்லாமே நடந்தது. அழுதான், தொண்டை கட்டியது, காய்ச்சல் வந்தது. அக்கா தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கிளி மாதிரிக் கத்தினாள், காக்காய் மாதிரிக் கத்தினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு அழுகை குறைந்தது. நல்ல அறிகுறி என்று நான் சந்தோஷப்பட்டேன். அன்று சாயங்காலம் அவன் மூலையில் முதுகு காட்டி உட்கார்ந்து ஏதோ முனகிக்கொண்டிருந்தான். அக்கா சத்தமில்லாமல் போய் எட்டிப் பார்த்தாள். பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் வில்லைகள் வருமே, அந்தத் தகர டப்பாவின் மூடியை இரண்டு கைகளாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கட்டிப்போன தொண்டையால், "அம்மா, லாரி... அம்மா, சோறு..." என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா என் பையிலிருந்து இரண்டு போனையும் எடுத்து, ஒன்றை மாமாவிடம் கொடுத்தாள். நான் தடுக்கப் போனேன். "வுடுடா" என்றாள். அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பாருக்கா" என்று பிறகு கெஞ்சினேன். "டாக்டரே சொன்னாங்கல்ல, நாளாகும்னு."

"உனக்குப் பொறுமையா இருன்னு சொல்லத் தெரியும் தம்பி, நீ படிச்சவன். எம் புள்ள தகரத்துக்கிட்ட சோறு கேட்டுட்டான்டா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், தகரத்துக்கிட்ட கேக்குறான்." டப்பா மூடியைக் கையில் எடுத்துக்கொண்டே, "அங்க இருந்தாத்தான் நான் அவனுக்கு அம்மா. இங்க இருந்தா யாரோ" என்றாள். அவளுடைய பழைய வீட்டு அம்மா திரும்பி வரச் சொல்லிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். வருகிறேன் என்று அதற்கு அன்றுதான் பதில் போட்டாள்.

திரும்பிப் போன அன்று பாடாலூர் பஸ் ஸ்டாப்பில் அக்கா அவனை முத்தமிடவில்லை. முத்தமிட்டால் அழுவான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணாடியை இழுத்துச் சாத்திக்கொண்டாள். முகம் மட்டும் தெரிந்தது. மாமாவின் இடுப்பில் இருந்த பிள்ளை அந்தக் கண்ணாடியை உற்றுப் பார்த்தான். அவன் உதடு "அம்மா" என்று விரிய ஆரம்பித்தபோது பஸ் நகர்ந்துவிட்டது. அவளுக்கு அது தெரிந்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை. தெரிந்திருந்தால் இறங்கியிருப்பாளா, இறங்கியிருந்தால் மறுபடி அதே அழுகைதானா, எனக்குத் தெரியாது.

இப்போது அவனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. டயருக்குள் கால் மடக்க இடம் போதவில்லை. சாயங்காலம் ஆறரைக்குச் சிரிக்கிறான். போன வாரம் கடையில் நான் இருந்தபோது, நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "என்னப்பா, சம்சாரம் வந்துட்டுப் போச்சாமே, புள்ளைக்கு ரொம்பக் குஷியா இருந்திருக்குமே?" என்று கேட்டார். மாமா டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"வந்துச்சுங்க. போக வர டிக்கெட்டு, டாக்டரு, கடைய மூடுனது, எல்லாஞ் சேத்து நாப்பத்தோராயிரம் ஆயிருச்சு."